கோத்தகிரி அவைக்கு ஒரு ஒஹாயோ போதகரைக் கொண்டுவருவது எப்படி

யாரோ ஒருவரின் வாழ்க்கையை ஒரு மணி நேரத்தில் சொல்லப் போகிறீர்கள் என்றால், அவையில் யாருக்கும் அவரைத் தெரியாமல் இருப்பது பெரிய வசதி. லிங்கனைப் பற்றிப் பேசினால் பாதிப் பேர் தலையாட்டத் தயாராக வருவார்கள். ஜார்ஜ் வாஷிங்டன் வில்லியம்ஸ் என்று சொல்லிப் பாருங்கள். "அமெரிக்க ஜனாதிபதியா சார்?" என்று ஒருவராவது கேட்பார். இல்லை என்று சொல்லும்போதே கூட்டம் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும்.

எங்கள் வாசகர் வட்டம் மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கூடுகிறது. சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் ஹால்தான் இடம். கொழுந்து எடுத்துவிட்டு நேராக வரும் அக்காமார்கள், ஃபேக்டரி ஆட்கள், கல்லூரிப் பிள்ளைகள், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், ஆட்டோ ஓட்டும் தம்பிகள் சிலர் வருவார்கள். நான் சரித்திர வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் குடும்பம் சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து இந்தப் பக்கத் தோட்டத்தில் குடியேறியது. இந்தக் குறிப்பு, இதே மாதிரி ஒரு கூட்டம் நடத்த நினைக்கும் குன்னூர், கூடலூர், கொடைக்கானல் நண்பர்களுக்காக. உதாரணத்துக்கு வில்லியம்ஸையே எடுத்துக்கொள்கிறேன். முறை தெரிந்துவிட்டால் வேறு யாரையும் வைத்துச் செய்யலாம்.

வில்லியம்ஸ் பாப்டிஸ்ட் சபைப் போதகர். 1879ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த அவைக்குள் உறுப்பினராகப் போன முதல் கறுப்பினத்தவர். 41 வயதில் இறந்துவிட்டார். அதற்குள் சிப்பாய், போதகர், பத்திரிகைக்காரர், சட்டமன்ற உறுப்பினர், சரித்திர ஆசிரியர் என்று பல வேஷம் கட்டி, கடைசியில் பெல்ஜியம் அரசன் மேல் பெயர் சொல்லிக் குற்றப்பத்திரிகையும் எழுதினார். இப்படிப்பட்ட ஆளிடம் ஒரு ஆபத்து இருக்கிறது. 'முதல்', 'முதல்' என்று அடுக்கிக்கொண்டே போய் மாலை போட்டு உட்காரவைத்துவிடலாம். அப்படிச் செய்தால் கூட்டம் கை தட்டும், வெளியே போய் மறந்துவிடும். பதவிக்கு வந்தவர் பதவியில் என்ன செய்தார் என்பதுதான் பேச்சு. அதில் சொந்த மக்களே கோபப்பட்ட காரியமும் இருந்தால் அதை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுத் தாள்

முதல் வேலை, பழைய மாதக் காலண்டர் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் மூன்று கட்டம் போடுவது. இடது கட்டத்தில் அவர். நடுவில் அவர் நாடு. வலது கட்டத்தில் நம் ஊர். மூன்றாவது கட்டம் எதற்கு என்று பலர் கேட்பார்கள். அதுதான் அவைக்குக் கைப்பிடி.

இடது கட்டம் இப்படித் தொடங்கும்: 1849, பென்சில்வேனியா மாநிலத்தில் பெட்ஃபோர்ட் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் பிறப்பு. 1864ல் வயதையும் பெயரையும் மாற்றிச் சொல்லிப் படையில் சேர்கிறார். அப்போது 14 வயது. உள்நாட்டுப் போர் முடிந்ததும் மெக்சிகோவுக்குப் போய் அங்கே அரசனுக்கு எதிரான குடியரசுப் படையில் சண்டை போடுகிறார். 1867ல் மறுபடி அமெரிக்கப் படை, பத்தாவது குதிரைப்படை. 1868ல் நுரையீரலில் குண்டுக் காயம். அந்த நுரையீரலை மறக்காமல் சிவப்பில் அடிக்கோடிடுங்கள், கடைசியில் தேவைப்படும்.

நடுக் கட்டம்: 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர். 1865ல் அடிமை முறையை ஒழிக்கும் 13வது சட்டத்திருத்தம். 1868ல் குடியுரிமைக்கு 14வது. 1870ல் கறுப்பின ஆண்களின் ஓட்டுரிமைக்கு 15வது. 1877ல் தென்மாநிலங்களில் கடைசியாக ஆட்சியைத் தாங்கிநின்ற மத்திய ராணுவம் முகாமுக்குத் திரும்புகிறது. போருக்குப் பிறகு வந்த மறுகட்டமைப்புக் காலம், அதாவது தெற்கில் கறுப்பினத்தவர் ஓட்டுப் போட்டுப் பதவிக்கும் வந்த காலம், அதோடு முடிகிறது. வில்லியம்ஸ் சட்டமன்றத்துக்குப் போனது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. தெற்கில் கதவு மூடிக்கொண்டிருந்தபோது வடக்கே ஒஹாயோவில் அவர் உள்ளே நுழைகிறார். இந்த ஒரு வாக்கியத்தைப் புரியவைத்துவிட்டால் பின்னணி முடிந்தது. ஐந்து நிமிஷத்துக்கு மேல் இதில் செலவழிக்காதீர்கள். சரித்திரம் படித்தவர்களுக்கு இங்கேதான் கால் வழுக்கும்.

வலது கட்டத்தில் நான் எழுதியது கொஞ்சம்தான். 1859, உதகையில் நீலகிரி நூலகம். 1876 முதல் 78 வரை தாது வருஷப் பஞ்சம். 1885, அயோத்திதாசரும் ஜான் ரத்தினம் என்ற கிறிஸ்தவப் போதகரும் சேர்ந்து 'திராவிட பாண்டியன்' பத்திரிகை நடத்துகிறார்கள். 1891, திராவிட மகாஜன சபை உதகையில் கூடுகிறது. 1899, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில். தாது வருஷம் என்றதும் எங்கள் கூட்டத்தில் வயதானவர்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களின் பாட்டனுக்குப் பாட்டன் கப்பலேறிக் கண்டிச் சீமைக்குப் போனது அந்தச் சமயம்தான் என்று வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறார்கள். அதே வருஷங்களில் வில்லியம்ஸ் சின்சினாட்டி நகரில் பிரசங்க மேடையில் நின்றுகொண்டிருந்தார் என்று சொன்னால் போதும், தூரம் குறைந்துவிடும்.

வலது கட்டத்தை வைத்து ஒப்பிட ஆரம்பிக்கக் கூடாது. அயோத்திதாசர் வேறு, வில்லியம்ஸ் வேறு. அங்கே இருந்த அடிமை முறையும் இங்கே இருக்கும் சாதியும் ஒன்றல்ல. பக்கத்தில் எழுதி வையுங்கள், கோடு போட்டு இணைக்க வேண்டாம். இணைக்கிறவர்கள் இணைத்துக்கொள்வார்கள்.

மூன்று மை

தகவல் சேர்ப்பது இப்போது சுலபம். அவருடைய இரண்டு பெரிய சரித்திர நூல்களும் காப்புரிமை காலாவதியானவை. இணைய நூலகங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆப்பிரிக்காவின் காங்கோ பற்றிப் பெல்ஜியம் அரசனுக்கு அவர் எழுதிய பகிரங்கக் கடிதம் முழுதாகவே கிடைக்கிறது. மழைக்காலத்தில் இங்கே கரண்டும் நெட்டும் சேர்ந்து போகும் என்பதால், கூட்டத்துக்கு முந்தின வாரம் தேடலாம் என்று விட்டுவைக்காதீர்கள். வெயில் மாதத்தில் இறக்கி, தேவையான பக்கங்களை மட்டும் பிரிண்ட் எடுத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள். மூடுபனிக் காலத்தில் வெறும் தாள் அப்பளம் மாதிரி நமுத்துப்போகும்.

குறிப்பெடுக்கும்போது மூன்று நிற மை வைத்துக்கொள்ளச் சொல்வேன். அவரே தன்னைப் பற்றிச் சொன்னது நீலம். அவர் காலத்துப் பத்திரிகை, சட்டமன்ற நடவடிக்கை, ராணுவப் பதிவு போன்றவை சொன்னது கறுப்பு. பிற்காலச் சரித்திர ஆசிரியர்கள் தேடிக் கண்டுபிடித்தது பச்சை. வில்லியம்ஸ் விஷயத்தில் இது ரொம்ப அவசியம். காங்கோ கடிதத்தின் தலைப்பிலேயே தன்னைக் 'கர்னல்' என்று போட்டுக்கொள்கிறார். அது நீலம். அமெரிக்க ராணுவத்தில் அவர் அந்தப் பதவியில் இருந்ததே இல்லை; அது பச்சை. இரண்டையும் சேர்த்து எழுதிவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது.

இந்தப் பட்டப் பொய்யை மறைக்கலாமா என்று ஒரு கல்லூரித் தம்பி கேட்டான். "இல்லாவிட்டால் அவர் சொன்ன மற்றதையும் ஜனங்கள் நம்பமாட்டார்களே சார்?" நல்ல கேள்வி. பதில் சரித்திரத்திலேயே இருக்கிறது. அவருடைய கடிதம் வெளிவந்ததும் அரசன் தரப்பு ஆட்கள் செய்த முதல் வேலை, இந்தக் கர்னல் பட்டத்தைப் பிடித்து உலுக்கியது. ஆள் பொய்யன், ஆகவே கடிதமும் பொய் என்றார்கள். நாம் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் அந்த வாதத்துக்கு அவையில் வேலை இல்லை.

மேடை எப்படிக் கிடைத்தது

போதகர்கள் ஏன் இத்தனை பேர் சட்டமன்றத்துக்குப் போனார்கள் என்பதைச் சொல்லாமல் நகரக் கூடாது. மிசிசிப்பியிலிருந்து 1870ல் அமெரிக்க செனட்டுக்குப் போன முதல் கறுப்பினத்தவரான ஹைரம் ரெவல்ஸ் போதகர். ஜார்ஜியா சட்டமன்றத்துக்கு 1868ல் தேர்வாகி, அதே வருஷம் நிறத்துக்காகவே மற்றவர்களோடு சேர்த்து வெளியேற்றப்பட்ட ஹென்றி மெக்நீல் டர்னரும் போதகர்தான். காரணம் சிக்கலானதில்லை. கறுப்பின மக்கள் கையில் முழுசாக இருந்த ஒரே இடம் சபை. கூடிப் பேச, கணக்கு எழுத, காணிக்கை பிரித்து ஒரு காரியம் முடிக்க, எழுத்துக் கற்க, எதிர்த்துப் பேசப் பழக எல்லாவற்றுக்கும் அதுதான் இடம். நம் பக்கத்திலும் பள்ளிக்கூடமும் சர்ச்சும் ஒரே கூரையில் இருந்த ஊர்கள் உண்டு. எங்கள் அவைக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

வில்லியம்ஸ் படித்த கதையை ஒரு நிமிஷமாவது சொல்லுங்கள். படையிலிருந்து வந்தபோது அவருக்குப் பிழையில்லாமல் ஒரு கடிதம் எழுத வராது. 1870ல் பாஸ்டனுக்குப் பக்கத்தில் நியூட்டன் இறையியல் கல்லூரியில் சேர்கிறார். 1874ல் அங்கே பட்டம் வாங்கிய முதல் கறுப்பினத்தவராக வெளியே வருகிறார். பட்டமளிப்பு நாளில் அவர் பேசியது ஆப்பிரிக்காவில் ஆதிக் கிறிஸ்தவம் பற்றி. எங்கள் கூட்டத்துக்கு வரும் பத்தாம் வகுப்புத் தனித்தேர்வுப் பிள்ளைகள் இந்த இடத்தில் பேனாவை எடுத்தார்கள்.

பாஸ்டனில் ஒரு சபை, வாஷிங்டனில் சில இதழ்களோடு நின்றுபோன ஒரு பத்திரிகை, 1876ல் சின்சினாட்டியில் யூனியன் பாப்டிஸ்ட் சபை. இதையெல்லாம் வேகமாகக் கடந்துவிடலாம். சின்சினாட்டியில் சட்டமும் படித்தார். பின்னாளில் ஜனாதிபதியான டாஃப்ட்டின் அப்பாவுடைய அலுவலகத்தில்.

கல்லறை மசோதா

இந்த இடத்தில் நிதானமாக நில்லுங்கள். சட்டமன்றத்தில் அவர் இருந்தது ஒரே தவணை, 1880லும் 1881லும். பேச்சில் கால்வாசி நேரத்தை இதற்கே கொடுங்கள்.

அவர் கொண்டுவந்த இரண்டு மசோதாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, வெள்ளையரும் கறுப்பினத்தவரும் கல்யாணம் செய்துகொள்வதைத் தடுத்த ஒஹாயோ சட்டத்தை நீக்கச் சொன்னது. அது தோற்றது. இதைக் கேட்டுக் கூட்டம் தலையாட்டும். சரி, ஆட்டட்டும்.

இரண்டாவது மசோதாவைச் சொல்வதற்கு முன்னால் யாருடையது என்று சொல்லாதீர்கள். இப்படிக் கேளுங்கள்: ஊருக்கு வெளியே கறுப்பின மக்களின் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. ஊர் வளர்ந்து, வசதியான வெள்ளைக்காரர்கள் அதைச் சுற்றி வீடு கட்டிவிட்டார்கள். சுகாதாரக் கேடு, இனி அங்கே புதைக்கக் கூடாது என்கிறார்கள். சட்டமன்றத்தில் ஒருவர் அவர்கள் கேட்டபடியே தடை மசோதா கொண்டுவருகிறார். நீங்கள் அங்கே உறுப்பினராக இருந்தால் எந்தப் பக்கம் கை தூக்குவீர்கள்?

சுடுகாட்டுப் பாதைக்கு மனுப் போடாத ஊர் நம் பக்கத்தில் எங்கே இருக்கிறது? எங்கள் ஹாலில் ஒரு கைகூட மசோதாவுக்கு ஆதரவாக எழவில்லை. ஒரு அக்கா எழுந்து, "வீடு கட்டும்போது கல்லறை கண்ணுக்குத் தெரியலையாமா அவங்களுக்கு?" என்று கேட்டார். அந்தச் சத்தம் அடங்கியதும் சொன்னேன், மசோதா வில்லியம்ஸ் கொண்டுவந்தது என்று.

அந்தக் கல்லறைத் தோட்டம் இருந்தது சின்சினாட்டியை ஒட்டிய ஏவண்டேலில். அவருக்கு ஓட்டுப் போட்ட கறுப்பின மக்கள் கொதித்துப்போனார்கள். கூட்டம் போட்டுக் கண்டித்தார்கள். ஏன் செய்தார்? சுகாதார வாதத்தை உண்மையிலேயே நம்பியிருக்கலாம்; வெள்ளை வாக்காளர்களும் சேர்ந்து தேர்ந்தெடுத்த தொகுதி என்ற கணக்கும் இருந்திருக்கலாம். நான் பேசும்போது இரண்டையும் சொல்லிவிட்டு விட்டுவிட்டேன். நீங்கள் தீர்ப்புச் சொல்ல ஆசைப்படுவீர்கள், வேண்டாம். அந்த ஐந்து நிமிஷத்தில் அவையே ஒரு சட்டமன்றமாகிவிடும். அதைவிட நல்ல விளக்கம் நம்மால் கொடுக்க முடியாது.

இன்னொரு சங்கதியும் ஏவண்டேலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1876 ஜூலை 4, அமெரிக்காவின் நூறாவது சுதந்திர தினம். அன்று ஏவண்டேலில் பேச வில்லியம்ஸை அழைத்திருந்தார்கள். அந்தப் பேச்சுக்காகத் தேடப்போனபோதுதான் தன் மக்களுக்குச் சரித்திரம் எழுதும் அளவுக்கு ஆதாரம் கிடைக்கிறது என்று தெரிந்துகொண்டதாக முன்னுரையில் எழுதுகிறார். தேடல் பெருகியது. சட்டமன்றத் தவணை முடிந்ததும் அதுவே முழுநேர வேலையானது. 1619 முதல் 1880 வரையான கறுப்பின மக்களின் சரித்திரம், இரண்டு பாகம், 1882-83ல் வெளிவந்தது. பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நூல்களைப் பார்த்ததாகச் சொல்கிறார். அது நீல மை. ஆனால் அடிக்குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தால் ஆள் உழைத்திருக்கிறார் என்பது தெரியும். அடுத்து, போரில் கறுப்பினப் படைகள் பற்றி ஒரு நூல். போரில் தானே நின்றவர் ஆவணங்களோடு எழுதியது என்பதால் எனக்கு இதுதான் இன்னும் பிடிக்கும்.

1885ல் ஹைட்டி நாட்டுக்குத் தூதராக நியமித்தார்கள். ஜனாதிபதி மாறினார், புது அரசு அவரை அனுப்பவில்லை. ஒரு வரி போதும்.

டீயும் வர்க்கியும், அதன் பிறகு காங்கோ

இடைவேளையை இங்கே வையுங்கள், காங்கோவுக்கு முன்னால். பின்னால் வைத்தால் வாயில் வர்க்கியோடு பேச வேண்டாத விஷயத்தைப் பேசவேண்டி வரும். டீ ஆறுவதற்குள் ஆப்பிரிக்க வரைபடத்தைச் சுவரில் மாட்டிவிடுங்கள். காங்கோ நதியை நீலக் கலர் நூலால் குறித்தால் பின்வரிசைக்கும் தெரியும்.

பின்கதை சுருக்கமாக: பெல்ஜியம் அரசன் இரண்டாம் லியோபோல்ட், 1885ல் காங்கோவைத் தன் சொந்தச் சொத்து மாதிரி வாங்கிக்கொண்டான். நாகரிகம், மதம், அடிமை வியாபார ஒழிப்பு என்று வெளியே பேச்சு. வில்லியம்ஸ் அதை நம்பினார். 1889ல் பிரஸ்ஸல்ஸில் அரசனைப் பேட்டி கண்டு மெச்சியும் எழுதினார். அமெரிக்கக் கறுப்பின இளைஞர்களைக் காங்கோவில் வேலைக்குக் கொண்டுபோகலாம் என்று ஆள் சேர்க்கக்கூட முயன்றார். அப்புறம் 1890ல் தானே போய்ப் பார்த்தார். நதியின் மேல்பகுதியில் ஸ்டான்லி நீர்வீழ்ச்சி வரைக்கும் போனார். அங்கிருந்து 1890 ஜூலை 18 தேதியிட்டு அரசனுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்.

கடிதத்தைப் பற்றிப் பேசாதீர்கள். வாசியுங்கள். சில பத்திகளைத் தமிழில் எழுதி, இரண்டு பேரிடம் கொடுத்து மாற்றி மாற்றி வாசிக்கச் சொல்லுங்கள். நல்ல குரல் இருக்கிறவர்களைத் தேடவேண்டாம், நிறுத்தி வாசிக்கிறவர்கள் போதும். மொழிபெயர்க்கும்போது அவர் ஒன்று, இரண்டு என்று எண் போட்டுக் குற்றம் சாட்டுகிற முறையை அப்படியே வையுங்கள். மொத்தம் பன்னிரண்டு குற்றச்சாட்டு. போதகரும் சட்டம் படித்தவரும் ஒரே ஆளாக எழுதிய நடை அது. மரியாதைச் சொல்லுக்குக் குறைவே இல்லை, ஆனால் ஒவ்வொரு பத்தியிலும் பிடி இறுகும்.

நிலத்தை எழுதி வாங்கிய விதத்தைச் சொல்லும் பகுதியை விட்டுவிடாதீர்கள். வெள்ளைக்காரர் சட்டைக்குள் மின்கல வயரை ஒளித்துவைத்துக் கை குலுக்குவார். ஊர்த் தலைவருக்கு ஷாக் அடிக்கும். வெள்ளைக்காரனுக்கு எத்தனை பலம் என்று அவர் மிரண்டுபோவார். இன்னொருவர் கண்ணாடி வில்லையால் சூரிய ஒளியைக் குவித்துச் சுருட்டுப் பற்றவைத்து, சூரியனே தனக்கு நண்பன் என்பார். இந்த மாதிரித் தந்திரமும் சில பெட்டி ஜின்னும் போதுமாயிருந்தது, முழுக் கிராமங்கள் அரசன் பெயருக்குக் கையெழுத்தாகிவிட்டன என்று எழுதுகிறார். எங்கள் ஹாலில் முதலில் சிரிப்பு வந்தது, கைரேகை வைத்த கதை எங்கள் வீடுகளிலும் உண்டு என்பதால் சீக்கிரமே நின்றது.

அடுத்த பகுதிகள் கனமானவை: பெண்களைப் பிடித்துக்கொண்டு போனது, ஆட்களைச் சங்கிலியில் பிணைத்தது, சவுக்கடி, அடிமை ஒழிப்பு என்று சொல்லிக்கொண்டே அரசாங்கமே ஆட்களை வாங்கியது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று சொன்னதெல்லாம் காகிதத்தில்தான் இருந்தது என்பதையும் சொல்கிறார். சின்னப் பிள்ளைகள் இருந்தால் எதை வாசிப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். நாங்கள் இரண்டு பத்திகளைத் தாண்டிப் போனோம். வேண்டியவர்களுக்குப் பிரதி கொடுத்தோம். நம் தோட்டத்து ஆட்களுக்குப் பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பது), கங்காணி, முன்பணம் எல்லாம் பாட்டன் சொன்ன கதை. ஆகவே வேலைக்கு ஆள் பிடிக்கும் பகுதி வரும்போது நடுவில் பேச்சு எழும். எழட்டும். ஆனால் இதுவும் அதுவும் ஒன்றுதான் என்று யாராவது முடிக்கப் பார்த்தால், காங்கோவில் பிற்பாடு ரப்பர் சேர்க்க ஜனங்களை வதைத்தது எந்த அளவுக்குப் போனது என்று சொல்லி நிறுத்துங்கள். வில்லியம்ஸ் பார்த்தது ஆரம்பம்தான்.

அதே வருஷம் செப்டம்பரில் அமெரிக்க வெளியுறவு அமைச்சருக்கு எழுதிய கடிதத்தில், லியோபோல்டின் ஆட்சி மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்கள் செய்வதாகச் சொல்கிறார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நாஜித் தலைவர்கள் மேல் நடந்த நியூரம்பர்க் விசாரணைக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முந்தியது அது. சர்வதேச விசாரணைக் குழு வேண்டும் என்றும் கேட்டார். யாரும் அனுப்பவில்லை. அரசன் கையிலிருந்து காங்கோ போனது 1908ல்தான்.

கேட்கப்போகும் கேள்விகள்

பேச்சு முடிந்ததும் வரும் முதல் கேள்விக்குத் தயாராக இருங்கள். எங்கள் கூட்டத்தில் அது முன்வரிசைப் பாட்டியிடமிருந்து வந்தது. "எல்லாம் சரி வாத்தியாரே, அந்தப் பாஸ்டருக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லையா? அவங்க என்ன ஆனாங்க?"

1874ல் கல்யாணம். ஒரு மகன். பிறகு மனைவியைப் பிரிந்து வாழ்ந்தார், விவாகரத்துக்கும் போனார். ஊர் ஊராகக் கடன் வைத்தார். சாகும்போது இங்கிலாந்துப் பெண் ஒருவரோடு நிச்சயம் ஆகியிருந்தது. இதைச் சொன்னதும் பாட்டி, "அப்படிச் சொல்லு" என்று உட்கார்ந்துவிட்டார். பேச்சிலேயே இதற்கு ஓர் இடம் ஒதுக்கியிருந்தால் நல்லதுதான், ஆனால் கேள்வியாக வந்தால் இன்னும் கூர்மையாக இருக்கிறது. எந்த ஆளைத் தேர்ந்தாலும் வீட்டுக் கணக்கை ஒரு தாளில் தனியாகக் கையில் வைத்திருங்கள். பெண்கள் கேட்பார்கள். கேட்க வேண்டியதும்தான்.

அடுத்த கேள்வி எப்படிச் செத்தார் என்பது. சிவப்புக் கோடு போட்ட நுரையீரல் இங்கே வருகிறது. ஆப்பிரிக்காவிலிருந்து இங்கிலாந்து திரும்பினார், காசநோய் முற்றியது. 1891 ஆகஸ்ட் 2ல் பிளாக்பூல் என்ற கடற்கரை ஊரில் இறந்தார். கல்லில்லாத அந்தக் கல்லறைக்கு 1975ல் ஒரு அமெரிக்கக் கறுப்பின சரித்திர ஆசிரியர் தேடிப்போய்க் கல் நட்டார். அவர் பெயர் ஜான் ஹோப் ஃபிராங்க்ளின். என் குறிப்பேட்டில் இருக்கும் பச்சை மையில் பெரும்பகுதி அவருடைய உழைப்பு.

மூன்றாவது கேள்வி எப்போதும் ஆட்டோத் தம்பிகளிடமிருந்து: "கடைசியில் ஜெயிச்சாரா சார்?" இதற்கு மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். கல்யாணச் சட்டத்தை நீக்கும் மசோதா அவர் காலத்தில் தோற்றது. ஆனால் 1887ல் ஒஹாயோவில் அந்தத் தடை போனது, பள்ளிகளில் நிறம் பார்த்துப் பிரிக்க வழிசெய்த சட்டமும் போனது. அதில் முன்னால் நின்றவர் இன்னொரு போதகர், பெஞ்சமின் ஆர்னெட்.

அடுத்த கூட்டத்துக்கு ஆள் தேடுகிறவர்களுக்கு நான் சொல்லும் பெயரும் ஆர்னெட்தான். 1838ல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். இருபது வயதில் கட்டியால் ஒரு காலை இழந்தார். பள்ளி ஆசிரியர், பிறகு ஆப்பிரிக்க மெதடிஸ்ட் சபைப் போதகர். 1885ல், வெள்ளையர்கள் பெரும்பான்மையாக இருந்த கிரீன் மாவட்டத்திலிருந்து ஒஹாயோ சட்டமன்றத்துக்குத் தேர்வானார். 1888ல் பிஷப் ஆனார். வில்லியம்ஸ் மாதிரி தடபுடல் இல்லாதவர், கணக்கும் காகிதமும் சேர்த்து வைக்கிற ஆள், சபையின் நிதிச் செயலாளராகவும் இருந்தார். 1886 மார்ச் 10ல் கறுப்பினத்தவருக்கு எதிரான சட்டங்களைப் பற்றிச் சட்டமன்றத்தில் அவர் பேசிய பேச்சு அப்போதே சிறு நூலாக அச்சானது; அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையத் தொகுப்பில் இருக்கிறது. அதிலிருந்து தொடங்குங்கள். காலண்டர் தாளை மாற்ற வேண்டாம், நடுக் கட்டமும் வலது கட்டமும் அப்படியே உதவும். இடது கட்டத்தின் மேல் வேறு தாள் ஒட்டிக்கொண்டால் போதும்.